கத்தரி பிடிச்ச கைக்கு வேலை இருக்கு... காலுக்கு முக்காலி இல்லை!

ஏ.சி. அழகு நிலையத்தில் நின்றே தேயும் வாலிப வயசு

(நமது நிருபர்)

திருவண்ணாமலை. ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் மணி 6.

கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஜில்லென்று காற்று அடிக்கிறது. உள்ளே சினிமா பாட்டு. சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி முன்னால் வரிசையாக நாற்காலிகள். தூக்கலாம், இறக்கலாம், சாய்க்கலாம், சுற்றலாம். அப்படிப்பட்ட நாற்காலிகள்!

எண்ணிப் பார்த்தோம்.

முடி வெட்டிக் கொள்கிறவர்களுக்கு 6 நாற்காலி. தலை அலசுவதற்கு 2. காத்திருப்போருக்கு நீள சோபா ஒன்று. பில் போடும் பெண்ணுக்கு ஒரு சுழல் நாற்காலி.

வேலை செய்கிறவர்களுக்கு?

ஒன்றுகூட இல்லை!

கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், இடுப்பில் கத்தரி செருகிய தோல் பை. இப்படி 7 பேர். 4 பையன்கள், 3 பெண்கள். நாம் உள்ளே போனபோதும் நின்றார்கள். முடி வெட்டிக் கொண்டு எழுந்தபோதும் நின்றார்கள். கையில் வேலை இல்லாத பையன்கூட சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் நின்றான்.

"ஏம்மா, சும்மா இருக்கிற நேரத்துல கொஞ்சம் உட்காரக் கூடாதா?" என்று நமக்கு முடி வெட்டிய பெண்ணிடம் கேட்டோம்.

அவர் கண்ணாடியில் நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"முக்காலி இருக்கு சார். ஸ்டோர் ரூமுல இருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் நம்மை இந்த விஷயத்தில் இறக்கி விட்டது. அப்புறம் மூன்று நாள் சுற்றினோம். பல கடைப் பிள்ளைகளிடம் பேசினோம். வேலை போய்விடும் என்று பயந்து, பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக் கொண்டார்கள். ஆகவே ஆள் பெயரும் இல்லை, கடைப் பெயரும் இல்லை.

சலூன் போய் ஸ்டைல் வந்தது

முன்பெல்லாம் நம்ம ஊரில் "முடி திருத்தும் நிலையம்" என்று ஒரு போர்டு இருக்கும். உள்ளே இரண்டு மர நாற்காலி, ஒரு பெஞ்சு, நாலு சினிமா பத்திரிகை. அவ்வளவுதான்.

2000-ம் ஆண்டில் சென்னையில் 'நேச்சுரல்ஸ்' முதல் கடையைத் திறந்தது. 2002-ல் கவின்கேர் நிறுவனத்தின் 'கிரீன் டிரெண்ட்ஸ்' வந்தது. ஒரே பெயர், ஒரே போர்டு, ஒரே மாதிரி உடுப்பு. ஊருக்கு ஊர் கிளை. நேச்சுரல்ஸ் கிளைகள் மட்டுமே இன்று 700-க்கும் மேல். இவற்றைப் பார்த்து இன்னும் பல பெயர்கள் கிளம்பின. மாவட்டத் தலைநகர்களுக்கும் வந்தன.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இப்படிப்பட்ட கிளைகள் பெரும்பாலும் 'பிரான்சைஸ்' முறையில் நடக்கின்றன. பெயர் கம்பெனியுடையது. கடை போட்டு, பணம் போட்டு நடத்துகிறவர் உள்ளூர்க்காரர். கம்பெனி பெயரையும் பயிற்சியையும் கொடுத்து, அதற்கு ஒரு பங்கு வாங்கிக் கொள்ளும்.

வேலை செய்கிற பிள்ளைக்குச் சட்டையில் இருப்பது கம்பெனி பெயர். சம்பளம் தருகிறவர் உள்ளூர் முதலாளி. குறை இருந்தால் யாரிடம் சொல்வது? உள்ளூரில் கேட்டால் "கம்பெனி ரூல்ஸ்" என்பார். கம்பெனியைத் தேடிப் போகப் பிள்ளைக்கு வழி தெரியாது.

(மேலே சொன்ன நிறுவனங்கள் தொழில் வளர்ந்த கதைக்காகச் சொல்லப்பட்டவை. கீழே வரும் குறைகள் அவற்றைக் குறித்தவை அல்ல.)

மல்லாட்டைக் காட்டிலிருந்து மெஷின் கட்டிங் வரை

நமக்கு முடி வெட்டிய பெண்ணுக்கு வயது 24. செங்கம் பக்கத்துக் கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் மல்லாட்டை பிடுங்கும் கூலிகள். பிளஸ்-2 படித்தவர். சென்னையில் 3 மாதம் பயிற்சி எடுத்து, அங்கேயே ஒரு வருஷம் வேலை பார்த்து, அப்புறம் இங்கே வந்திருக்கிறார்.

கடை மூடிய பிறகு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபடியே அவர் கூறியதாவது:-

"காலையில 7½ மணி பஸ்ஸு சார். 9½ மணிக்குக் கடையில கையெழுத்துப் போடணும். அஞ்சு நிமிஷம் லேட்டானா அரை நாள் சம்பளம் கட். ராத்திரி 8½க்கு ஷட்டர் இறங்கும். கூட்டம் இருந்தா 9½ கூட ஆகும். வூட்டுக்குப் போனா 11.

மத்த நாள்ல மத்தியானம் ஸ்டோர் ரூமுல அந்த முக்காலியில உட்கார்ந்து பதினஞ்சு நிமிஷத்துல சாப்பிடுவோம். ஒருத்தர் எழுந்தா ஒருத்தர். ஞாயித்துக்கிழமை அதுவும் கிடையாது. சோத்து டப்பா அப்படியே வூட்டுக்குத் திரும்பும். அம்மா திட்டும்."

ஞாயிறு ஏன் இத்தனை கூட்டம்? நம்ம ஜனங்களின் பழக்கம்தான். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, பிறந்த நட்சத்திரம்... அன்றைக்கெல்லாம் தலையில் கத்தரி வைக்க மாட்டார்கள். பழைய சலூன்கள் செவ்வாய்க்கிழமை விடுமுறை விடும். கிளைக் கடைக்குச் செவ்வாயும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. ஆள் மாற்றி ஆள் லீவு. யாராவது ஒருத்தர் வராவிட்டால் அந்த லீவும் போச்சு!

1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் என்ன சொல்கிறது? வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரண்டு பங்கு சம்பளம். 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை.

"ஓவர்டைம் காசு வாங்கியிருக்கியாம்மா?" என்று கேட்டோம்.

"அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்!

'டார்கெட்' என்கிற சாட்டை

நாம் முடி வெட்டப் போனால், "சார், முடி ரொம்ப டிரையா இருக்கு. ஒரு ஸ்பா பண்ணிடலாமா?" என்று கேட்கிறார்களே, ஏன் தெரியுமா? பலருக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கவில்லை.

பேசிய பிள்ளைகள் சொன்ன கணக்கு இதுதான். மாதச் சம்பளம் ஒரு தொகை. அந்தத் தொகையைப் போல பல மடங்குக்கு அவர் கையால் பில் ஆக வேண்டும். அதுதான் 'டார்கெட்'. அதைத் தாண்டினால்தான் 'இன்சென்டிவ்'. தாண்டாவிட்டால் வெறும் சம்பளம். இரண்டு மூன்று மாதம் தாண்டாவிட்டால் முகம் கோணும், பேச்சு மாறும்.

வெறும் கட்டிங் வெட்டி டார்கெட்டை எட்ட முடியாது. ஸ்ட்ரெய்ட்டனிங், கெரட்டின், கலரிங் என்று பெரிய வேலை வேண்டும். ஷாம்பு, எண்ணெய் பாட்டிலும் விற்க வேண்டும். நல்லாக் கிராப்பு வெட்டுகிறவனைவிட, நல்லாப் பேசுகிறவன் அதிகம் வாங்குவான்.

கத்தரி செலவும் அவர்களுடையதே. நல்ல கத்தரி என்றால் சில ஆயிரம் ஆகும். கீழே விழுந்து முனை மழுங்கினால் சாணை பிடிக்கும் கூலியும் கையை விட்டுத்தான்.

சீசனும் உண்டு. கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் முடியும் வெட்ட மாட்டார்கள், தாடியும் எடுக்க மாட்டார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, மணப்பெண் அலங்காரமும் கிடையாது. டார்கெட் மட்டும் ஆடியிலும் அதேதான்!

கிரிவலம் ஒரு நாள்... நிற்பது தினம்

நம்ம ஊர்க்காரர்களுக்குக் கால்வலியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் மலையைச் சுற்றுகிறார்கள். 14 கிலோ மீட்டர். வயசானவர்களும் சுற்றுகிறார்கள். மறுநாள் கால் வலிக்கும். அதற்கடுத்த நாள் சரியாகிவிடும்.

நின்ற இடத்திலேயே 10 மணி நேரம் நிற்பவர் கதை வேறு.

காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி மேலே ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, பம்பு செட் மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். ரத்த நாளத்துக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் அவை தடுக்கும்.

அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. ரத்தம் காலிலேயே தேங்கும். நாளம் புடைக்கும். வருஷக்கணக்கில் இப்படியே போனால் வால்வு கெட்டு, நீல நிறத்தில் கயிறு கயிறாகச் சுருண்டு நிற்கும். இதைத்தான் 'வெரிகோஸ் வெயின்' என்கிறார்கள். ஜனங்கள் நரம்புச் சுருட்டு என்பார்கள். முற்றினால் கணுக்கால் கறுத்து, ஆறாத புண் வரும்.

நமது செங்கம் பெண்ணுக்கு வயது 24தான். முழங்காலுக்குப் பின்னால் இப்போதே நீலக்கோடு ஓடுகிறதாம்.

"டாக்டரம்மா, 'நடுநடுவுல உட்காரு, காலைத் தூக்கி வெச்சுக்கோ, இறுக்கமா இருக்கிற சாக்ஸ் போட்டுக்கோ'ன்னாங்க. சாக்ஸ் வாங்கிப் போட்டேன். உட்காரத்தான் முடியலை. மேனேஜர் மேடம்கிட்ட கேட்டேன். 'கஸ்டமர் உள்ளே வர்றப்போ ஸ்டாப் உட்கார்ந்திருந்தா கடைக்கு அசிங்கம்'னு சொல்லிட்டாங்க" என்றார்.

உட்காருவதற்கு ஒரு சட்டம்!

வாசகர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. கடையில் வேலை செய்கிறவர் உட்காருவதற்கென்றே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது!

முதலில் கிளம்பியது பக்கத்து மாநிலமான கேரளா. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி கடைப் பெண்களைத் திரட்டினார். ஜவுளிக்கடைப் பெண்கள், "நாள் பூரா நிற்கிறோம், உட்கார இடம் கொடு, கக்கூஸ் கொடு" என்று வருஷக்கணக்கில் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். அது நிறைவேறி, 1947-ம் ஆண்டுச் சட்டத்தில் '22-ஏ' என்ற பிரிவு சேர்ந்தது.

சாராம்சம் இதுதான்:- ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும். வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது.

அப்போது பத்திரிகைகள் எல்லாம் ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களைப் பற்றியே எழுதின. அழகு நிலையத்தை யாரும் நினைக்கவில்லை. முடி வெட்டும்போது நின்றுதான் ஆக வேண்டும், நியாயம்தான். ஒரு தலை முடிந்து அடுத்த தலை வருவதற்குள் 10 நிமிஷம் கிடைக்குமே? அந்த 10 நிமிஷத்துக்குத்தான் சட்டம்.

அந்த முக்காலிதான் ஸ்டோர் ரூமில் ஷாம்பு டப்பாக்களுக்கு நடுவே கிடக்கிறது.

கண் எரியுது... மூக்கு எரியுது

காலோடு போகவில்லை கஷ்டம். முடியை நேராக்கும் சில மருந்துகளில் பார்மால்டிஹைடு உண்டு, அல்லது சூடு பட்டதும் அது வெளியே வரும். மருந்து தடவிய முடியைச் சூடான இரும்பால் இழுத்தால் புகை கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும். ஏ.சி. அறையில் ஜன்னல் கிடையாது.

வாடிக்கையாளர் வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் புகையில் உட்காருவார். வேலை செய்கிறவர் வாரத்துக்கு எத்தனை தடவை!

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் பார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே வைத்திருக்கிறது. முடி திருத்தும் தொழிலில் படும் ரசாயனங்களை, 'புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்ற வரிசையில் சேர்த்திருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. முடியை நேராக்கும் மருந்தை அடிக்கடி போட்டுக் கொண்டவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் அதிகம் என்று அதில் தெரிய வந்தது.

இதைப் படித்து யாரும் பீதி அடைய வேண்டியதில்லை. காற்று வெளியேற ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறி, கைக்கு நல்ல கையுறை, டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கும் பழக்கம்... இவை இருந்தாலே பெரிய அளவுக்குத் தப்பிக்கலாம். தலைச்சாயத்தில் கலக்கும் பி.பி.டி. என்ற மருந்து சிலருக்குக் கையில் அரிப்பையும் வெடிப்பையும் கொண்டு வரும். ஒரு பையன் விரல்களைக் காட்டினான். மல்லாட்டைத் தோல் மாதிரி சொரசொரவென்று இருந்தது.

"நான் உட்காருவேன் தம்பி!"

தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய சலூன் ஒன்று இருக்கிறது. நடத்துகிறவருக்கு 70 வயதைத் தாண்டிவிட்டது. நாம் போனபோது வாடிக்கையாளர் நாற்காலியில் அவரே கால் நீட்டி உட்கார்ந்து மாலைப் பேப்பர் படித்துக் கொண்டிருந்தார்!

பெரியவர் கூறியதாவது:-

"எங்கப்பா அடைப்பத்தைத் தூக்கிக்கினு ஊரு ஊரா, வூடு வூடா போனவரு தம்பி. மரத்தடியில குந்தவெச்சு வெட்டுவாரு. காசு கிடையாது. அறுப்பு முடிஞ்சா களத்துமேட்டுல நெல்லு குடுப்பாங்க. நல்லது கெட்டது எல்லாத்துக்கும் எங்களைக் கூப்பிடுவாங்க. ஊர்ல பாதிப் பேரு எங்க பாட்டி கையால பொறந்தவங்க. ஆனா திண்ணையில உட்காரச் சொல்ல மாட்டாங்க. ஜாதிப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எங்கப்பன் வயசு எழுவது, கூப்பிடறவன் வயசு பத்து!"

மருத்துவர் என்று பெயர் பெற்ற சமூகம் அது. வைத்தியம், பிரசவம், சவரம் மூன்றும் அவர்கள் கையில் இருந்தன. வைத்தியமும் பிரசவமும் ஆஸ்பத்திரிக்குப் போயின. சவரத்தோடு இழிசொல்லும் அவர்களிடம் தங்கிவிட்டது.

இப்போது கிளைக் கடைகளில் எல்லா ஜாதிப் பிள்ளைகளும் கத்தரி பிடிக்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. இது பெரிய மாறுதல், சந்தேகமே இல்லை. ஆனாலும் செங்கம் பெண்ணின் அம்மா மகளிடம் சொல்லி வைத்திருப்பது என்ன தெரியுமா?

"'சொந்தக்காரங்க கேட்டா பியூட்டிஷியன்னு சொல்லு, முடி வெட்டறேன்னு சொல்லிடாதே'ங்குது சார் எங்கம்மா!"

பெரியவரிடம் இதைச் சொன்னோம். பேப்பரை மடித்து வைத்தார்.

"வேலை அதேதான் தம்பி. இங்கிலீஷ்ல பேரு வெச்சதும் மரியாதை வந்துடுச்சு. வரட்டும், சந்தோஷம்தான். எங்களுக்கு அந்தக் காலத்துல அடுத்தவன் திண்ணையில உட்கார இடமில்லை. அதனாலதான் கடன உடன வாங்கிச் சொந்தமா ஒரு கடை போட்டேன். இங்க என்னை யாரு எழுந்திருன்னு சொல்லுவான்? ஆள் வந்தா எழுந்திருப்பேன், போனா உட்காருவேன். பாவம், அந்தப் பிள்ளைங்களுக்கு ஏ.சி. இருக்கு, உட்கார இடமில்லை!"

கோவில்களில் மொட்டை போடும் தொழிலாளிகள் விஷயத்தில் அரசு கொஞ்சம் கண் திறந்தது. 2021 செப்டம்பரில் அறநிலையத்துறைக் கோவில்களில் முடி காணிக்கைக் கட்டணம் ரத்தானது. அந்தத் தொழிலாளிகளுக்கு மாதம் 5 ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. கண்ணாடிக் கதவுக்குள் இருக்கிற கத்தரி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அடகு வைத்த மார்க் ஷீட்

"பெரியவர் மாதிரி நீயும் சொந்தமா ஒரு கடை போட்டுடேன்மா" என்றோம்.

அப்போதுதான் அடுத்த விஷயம் வெளியே வந்தது. வேலையில் சேரும்போது 2 வருஷ 'பாண்டு' எழுதி வாங்கினார்களாம். கூடவே பிளஸ்-2 மார்க் ஷீட் அசலையும் வாங்கி வைத்துக் கொண்டார்களாம். நடுவில் போனால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும்.

இது செல்லுமா?

பாண்டு எல்லாமே செல்லாது என்று சொல்ல முடியாது. 2025 மே மாதம் ஒரு வங்கி வழக்கில், நியாயமான பாண்டு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது. ஆனால் கேட்கிற தொகை நியாயமாக இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போன பிறகு, "இந்த ஊரில் கடை வைக்காதே, வேறு கடையில் சேராதே" என்று கட்டுப்படுத்துவது இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-வது பிரிவின்படி செல்லாது.

சான்றிதழ் விஷயம் இன்னும் தெளிவு. அது அடகுப் பொருள் கிடையாது, பாக்கிக்காகப் பிடித்து வைக்க உரிமை இல்லை என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை ஐகோர்ட்டு சொல்லியிருக்கிறது.

முதலாளி என்ன சொல்கிறார்?

ஒரு பக்கம் மட்டும் கேட்டு எழுதக் கூடாது அல்லவா? கிளை நடத்தும் ஒருவரைப் பார்த்தோம். அவரும் பெயர் வேண்டாம் என்றார்.

"வாடகை, கரண்ட் பில், கம்பெனிக்குப் பங்கு, மருந்து எல்லாம் போக எனக்கு என்ன மிஞ்சுது? ஒண்ணும் தெரியாத பிள்ளைக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லித் தர்றோம். கை பழகினதும் எதிர் கடைக்காரன் ஆயிரம் ரூபா கூடத் தர்றான்னு போயிடறாங்க. கஸ்டமர் போன் நம்பரையும் எடுத்துட்டுப் போறாங்க. அதுக்குத்தான் பாண்டு. உட்காரக் கூடாதுன்னு நான் எங்கேயும் எழுதி ஒட்டலை. உட்கார்ந்தா போனை நோண்டறாங்க, அதான்!" என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு சௌகரியமும் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. (வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை மட்டும் அவர்கள் கழித்துக் கொள்ள முடியாது.) ஆகவே வாடிக்கையாளர்களே, பில்லை ஒரு தடவை பார்த்து வாங்குங்கள்!

"உங்க கடையில ஈ.எஸ்.ஐ. உண்டா?" என்று கேட்டோம்.

"9 பேர்தானே இருக்காங்க" என்றார்.

10 பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. கட்டாயம். 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்குப் பொருந்தும். தொழிலாளி கட்டுவது 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். வைத்தியம், பிரசவ விடுப்புச் சம்பளம் எல்லாம் அதில் உண்டு. கூட்டிப் பெருக்கும் அம்மாவைக் கான்ட்ராக்ட் என்று கணக்கில் விட்டிருந்தார் முதலாளி. கான்ட்ராக்டில் வந்தவரும் அந்தக் கணக்கில் சேர்வார். சேர்த்தால் 10!

கடை போட வழி உண்டா?

சொந்தக் கடைக்கு ஆசைப்படுகிறவர்களுக்குச் சில வழிகள் இருக்கின்றன. ஈடு இல்லாத 'முத்ரா' கடனில் சிசு என்ற பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரை வாங்கலாம். தமிழக அரசு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத் தொழில், பரம்பரைத் தொழில் என்று பார்க்காமல் 25 தொழில்களுக்குக் கடன். முடி திருத்துவதும் அழகுக்கலையும் அதில் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய். ஆனால் வயது 35 ஆகியிருக்க வேண்டும் என்று வைத்தார்கள். செங்கம் பெண் இன்னும் 11 வருஷம் நிற்க வேண்டும்!

தொழில் கற்க விரும்பும் ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்கு தாட்கோ இலவசமாகச் சிகை அலங்காரப் பயிற்சி தந்திருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யும் பி.எப்.பும் இல்லாத தொழிலாளர்களுக்கு முடிதிருத்துவோர் நல வாரியம் இருக்கிறது. உதவிகள் பல உண்டு. கார்டு எடுத்து வைத்துக் கொள்வது நல்லது.

வேலை நேரம், ஓவர்டைம், இருக்கை பற்றிய புகார்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுக்கலாம்.

ஜன்னல் ஓர சீட்டு

அன்றிரவு 9 மணிக்குச் செங்கம் பஸ் வந்தது. ஏறப் போன பெண்ணிடம் கடைசியாக ஒன்று கேட்டோம்.

"இந்த வேலை பிடிச்சிருக்காம்மா?"

"ரொம்பப் பிடிக்கும் சார். ஒருத்தங்க சோகமா வந்து உட்காருவாங்க. வெட்டி முடிச்சுக் கண்ணாடியைப் பின்னால காட்டினா முகமே மாறிடும். அதைப் பார்க்கறப்போ கால்வலி மறந்துடும். பாண்டு வர்ற தை மாசம் முடியுது. மார்க் ஷீட்டை வாங்கிக்கினு எங்க ஊர்லயே சின்னதா ஒரு கடை போடுவேன். ஒரு நாற்காலி கஸ்டமருக்கு. ஒரு ஸ்டூல் எனக்கு" என்றார்.

ஜன்னல் ஓரம் சீட்டுக் கிடைத்தது. உட்கார்ந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

புதிதாக முக்காலி வாங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஸ்டோர் ரூமில் கிடப்பதை எடுத்து வெளியே போட என்ன செலவு? ஒரு பைசா கிடையாது!

தொழிலாளர் துறை அதிகாரிகள் இதற்காகப் பெரிய ரெய்டு எதுவும் நடத்த வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடி வெட்டிக் கொள்ளப் போனாலே போதும். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் தங்கள் தலையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பின்னால் நிற்கிறவரின் காலையும் ஒரு தடவை பார்ப்பார்களா?